மைக்கைத் திறவுங்கோ, பிள்ளையள்

வெள்ளிக்கிழமை பின்னேரம் நெருங்கினாலே அனோஜாவுக்குத் தலையிடி தொடங்கிவிடும். முந்தி அப்படியில்லை. முந்தி வெள்ளி என்றால் முழுகி, வெளுத்த சீலை ஒன்றை உடுத்திக்கொண்டு ஊர்ப் பிள்ளையார் கோயில் மடத்துக்கு நடந்து போவாள். பிள்ளைகள் குழறிக்கொண்டு ஓடித் திரிவார்கள். ஒரு அதட்டுப் போட்டால் அடங்கிவிடுவார்கள். தேவாரம் பாடி, ஒரு கதை கேட்டு, ஐயர் தருகிற அவலையும் வாழைப்பழத்தையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அறநெறி வகுப்பென்றால் அவ்வளவுதான். ஸ்கந்தபுரத்தில் அதற்கு மேல் ஒருவரும் எதிர்பார்க்கவுமில்லை.

கொரோனா வந்தது. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள், கோயிலைப் பூட்டினார்கள், மனிசருடைய வாயையும் மூக்கையும் துணியால் கட்டினார்கள். அறநெறி வகுப்பை மட்டும் விட்டார்களா? இல்லை. அது போனுக்குள் போய்விட்டது. அன்றைக்குப் பிடித்தது சனியன்.

வகுப்பு தொடங்குமுன் அவள் படுகிற பாடு சொல்லி மாளாது. கூடத்தைக் கூட்டவேண்டும். கிழிசல் தெரியாமல் பின் சுவரில் ஒரு வெள்ளைச் சீலை தொங்கவேண்டும். சிக்னல் யன்னலடியில்தான் இருக்கும், அதுவும் காற்று அடிக்கிற பக்கத்தைப் பொறுத்து. அங்கே கதிரையைப் போட்டு, அதன்மேல் இரண்டு பலகையை அடுக்கி, போனைச் சாய்த்துவைத்து, நெற்றி நிறையத் திருநீறோடு முன்னால் குந்தினால், அங்காலே ஒரு பிள்ளையின் முகமும் இராது. கறுப்புப் பெட்டி கறுப்புப் பெட்டியாக வரிசை கட்டி நிற்கும். பெயர்களாவது ஒழுங்காக இருக்குமா? ஒன்று "குட்டிம்மா", ஒன்று "சிவா ஹாட்வெயார்", இன்னொன்று "அப்பா புதுசு". "அப்பா புதுசு, நீர் ஆற்ற பிள்ளை?" என்று ஒரு ரீச்சர் கேட்கவேண்டிய காலமும் வந்தது.

உண்மையைச் சொன்னால் முதல் பிழை அவளுடையதுதான். முதல் நாள் எல்லாரையும் சேர்ந்து தேவாரம் பாடச் சொன்னாள். மடத்தில் பாடுகிறமாதிரி வரும் என்று நினைத்துவிட்டாள், பாவம். ஒருத்தர் முடிக்கிற நேரம் மற்றவர் தொடங்கினார். நடுவில் ஒரு சேவல் கூவியது. யாரோ ஒரு தாய், "எருமை, பால் பொங்குது, பாத்துக்கொண்டு நிக்கிறாய்" என்று ஏசினது வகுப்பு முழுக்கக் கேட்டது. யாரோ ஒரு தகப்பன் உரம் வந்துவிட்டதா என்று விசாரித்தார். காது கிழிந்துபோய், "எல்லாரும் மைக்கை மூடுங்கோ!" என்று அனோஜா கத்திவிட்டாள்.

மூடினார்கள். அவ்வளவு கீழ்ப்படிவான பிள்ளைகளை உலகத்தில் எங்கும் காணமுடியாது. மூடின மைக்கை அதன்பிறகு ஒருத்தரும் திறக்கவேயில்லை.

அவள் என்னதான் செய்யவில்லை? வினாவிடை வைத்தாள். பிறந்தநாள்காரருக்கு வாழ்த்துப் பாடினாள், தனியாகத்தான். பூப்பறித்துக் காட்டச் சொன்னாள். கோயில் திறந்ததும் பரிசு என்று ஆசை காட்டினாள். கெஞ்சினாள், ஏசினாள், "பிள்ளையள், மைக்கைத் திறவுங்கோ, நான் என்ன சுவரோடயோ கதைக்கிறன்?" என்று கையெடுத்துக் கும்பிடாத குறை. ஒரு பெட்டியிலிருந்து "சிக்னல் இல்லை ரீச்சர்" என்று எழுத்தில் வரும். சிக்னல் இல்லாத பிள்ளை அதை எப்படி அனுப்பினது என்று கேட்கவும் அவளுக்குத் தெம்பிருக்காது. வகுப்பு முடிந்து போனை வைத்தால் ஒரு ஏக்கர் கச்சானுக்குப் புல்லுப் பிடுங்கின களைப்பு உடம்பில் இருக்கும்.

இதெல்லாம் பொறுக்கலாம். பொறுக்கமுடியாதது ஒன்றிருந்தது. அவளுடைய சொந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

யதுர்ஷிகாவுக்குப் பதின்மூன்று வயது நடக்கிறது. பரந்தனில் இருக்கிற மாமி கொடுத்த பழைய போனோடு குசினிக்குள் இருப்பாள். இரண்டு போனும் பக்கத்தில் இருந்தால் கீச்சென்று கத்தும் என்பதால் தாய் கூடத்தில், மகள் குசினியில். நடுவில் கூரைக்கு முட்டாத ஒரு சுவர். பள்ளிக்கூட இடாப்பில் இருக்கிறமாதிரி தகப்பன் பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாகப் போட்டிருந்தாள். சின்னப் பெட்டிக்குள் அவ்வளவும் அடங்காது. "பிரதாபன்" என்ற முன்பாதி மட்டும் தெரியும். ஒரு வருசத்துக்கு மேலாக ஒவ்வொரு வெள்ளியும் புருசனுடைய பெயர் எழுதின கறுப்புப் பெட்டி ஒன்று அனோஜாவுக்கு முன்னால் சத்தமில்லாமல் நிற்கும்.

பேசத்தெரியாத பிள்ளையா அது? பள்ளிக்கூடத்து வகுப்பில் கணக்கு ரீச்சரிடம் குறுக்குக் கேள்வி கேட்கும். அயலில் போய்ப் பகிடி விட்டுச் சிரித்துவிட்டு வரும். சமய வகுப்பென்றால் மட்டும் வாய் பூட்டு. "உனக்கென்ன, வாய்க்குள்ள கொழுக்கட்டையோ?" என்று அனோஜா ஏசுவாள். "எனக்குக் கூச்சமம்மா" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடும்.

அனோஜா இந்த மண்ணில் பிறந்தவள். தாய் தகப்பன் தென்மராட்சியிலிருந்து வந்து காடு வெட்டி வாழை வைத்த ஆட்கள். உயர்தரம் வரைக்கும் படித்தாள். பிரதாபனுக்குக் கலியாணம் செய்துவைத்தார்கள். லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட்டுகிறவர், பகிடிக்காரன், வீட்டில் இருந்தால் வீடு நிறைந்திருக்கும். யது பிறந்து சில மாசத்தில் சண்டை நெருங்கி, எல்லாரும் ஊரைவிட்டு எழும்பவேண்டி வந்தது. அங்கே இருந்து, அதற்கங்காலே இருந்து, கடைசியில் சனத்தோடு சனமாக வெளியில் வரும்போது, "பிள்ளைக்குத் தண்ணி எடுத்துக்கொண்டு வாறன், நீர் இதிலயே இரும்" என்று ஒரு போத்தலோடு போனவர். அவள் அதிலேயே இருந்தாள். இருக்க விடுகிற வரைக்கும் இருந்தாள்.

பிறகு முகாம், பிறகு திரும்பிவந்து தறப்பாள் கொட்டில், பிறகு வீட்டுத்திட்ட வீடு. முன்பள்ளியில் சின்னதுகளைப் பார்க்கிற வேலை கிடைத்தது. கோயில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்றார்கள், அதையும் தலையில் போட்டுக்கொண்டாள். இப்போது முன்பள்ளியும் பூட்டு. தையல் மெசினில் முகக்கவசம் தைத்து அடுப்பெரிகிறது. இதற்கிடையில் பிரதாபனைத் தேடிப் பதியாத இடமில்லை, போகாத ஊரில்லை. இறப்புச் சான்றிதழ் எடுத்தால் பிள்ளைக்கு ஏதும் உதவி கிடைக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. சொன்னவர்களோடு அவள் ஒரு வருசம் கதைக்கவில்லை. நெற்றிக் குங்குமத்தை ஒருநாளும் அழித்ததில்லை. யது சின்னனில், "அப்பா எப்ப வருவார்?" என்று கேட்கும். "வருவார்" என்பாள். நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கிற காலத்தில் பிள்ளை அந்தக் கேள்வியை விட்டுவிட்டது. நல்லதாய்ப் போச்சு என்று அனோஜா நினைத்துக்கொண்டாள்.

ஆடி மாசம் நடுப்பகுதியில் ஒருநாள் கோயில் சபைத் தலைவர் நல்லதம்பி படலையடியில் சைக்கிளை நிறுத்தினார். முகக்கவசம் நாடியில் தொங்கியது.

"பிள்ளை, குறை நினையாதையும். வகுப்பில ஒரு சத்தம் சிலமனும் இல்லையாம். எங்கட பேத்தி லக்சிகா கமெராவை மூடிப்போட்டுப் படுத்திருந்து முறுக்குத் தின்னுறாள். என்ர கண்ணால கண்டனான்."

"நான் என்னண்ணை செய்ய? கேட்டா ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை."

"சபையில கதைக்கினம். ஊமையளுக்குப் பாடம் எடுத்து என்ன பிரயோசனம், நிப்பாட்டிப்போட்டுக் கோயில் திறந்தாப்பிறகு பாப்பம் எண்டு. நான்தான் பொறுங்கோ எண்டு சொல்லியிருக்கிறன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "கோவிக்காதையும் பிள்ளை. முதல்ல உம்மட மகள் வாயைத் திறக்கட்டும். ரீச்சரின்ர பிள்ளையே கம்மெண்டு இருந்தா மற்றதுகள் எப்பிடித் திறக்கும்? வாற வெள்ளி நானும் லக்சிகாவோட குந்தியிருந்து பாக்கிறன்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அனோஜாவுக்குக் காது இரண்டும் சுட்டது. மனிசன் சொன்னதில் பிழை இல்லை, அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. வகுப்பை நிப்பாட்டினால் நிப்பாட்டட்டும், ஒரு தலையிடி குறையும். ஆனால் "உம்மட மகள்" என்ற சொல் உள்ளே போய் இருந்துகொண்டு அரித்தது. இந்தப் பிள்ளையை அவள் தனிய வளர்த்தாள். தாய் கேட்கிற கேள்விக்கு வாய் திறக்காத பிள்ளையாக வளர்த்திருக்கிறாள் என்று ஊர் சொன்னால், அதற்கு அவளிடம் என்ன மறுமொழி இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. அதற்கு முந்தின வெள்ளி வகுப்பில் வேறு எதைப் படிப்பிப்பது? தகப்பனை இழந்தவர்கள் பிடிக்கிற விரதம். வருசா வருசம் மடத்தில் படிப்பித்ததுதான். யார் விரதம் இருப்பது, ஏன் தீர்த்தமாடுவது, காத்தோட்டிக்காய் ஏன் கறியில் சேர்ப்பது, காகத்துக்கு ஏன் முதலில் சோறு வைப்பது என்று அவள் சொல்லிக்கொண்டு போவாள், பிள்ளைகள் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். ஒரு சோலியும் வந்ததில்லை. இந்த முறைதான் அவளுக்கு ஒரு புது யோசனை வந்தது. தான் சொல்லாமல் பிள்ளைகளைச் சொல்ல வைத்தால் என்ன? "உங்கட வீட்டில ஆருக்கு விரதம், அண்டைக்கு என்ன சமையல்?" ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்பது. புத்தகம் தேவையில்லை, பாடமாக்கத் தேவையில்லை. வீட்டில் நடக்கிறதைச் சொல்லத் தெரியாத பிள்ளை இருக்குமா? இவ்வளவு நாளும் இது மண்டைக்குள் வரவில்லையே என்று அவளுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

தன் வீட்டை யோசிக்கவில்லையா என்றால், யோசித்தாள். வியாழக்கிழமை மகளைக் கூப்பிட்டாள்.

"யது, நாளைக்கு என்ர மானத்தைக் காப்பாத்தடி. ஒரேயொரு வசனம். நல்லதம்பியண்ணையும் இருப்பார்."

"என்ன கேப்பியள்?"

"காகத்துக்கு ஏன் முதல்ல சோறு வைக்கிறம் எண்டு கேப்பன். எங்கட முன்னோரை நினைச்சு வைக்கிறம் எண்டு சொல்லு. காணும்."

"எல்லாரிட்டையும் இதுதானோ?"

அனோஜா தையல் மெசினில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். "மற்றவையிட்ட… வீட்டில ஆருக்கு விரதம் எண்டு."

"என்னட்ட மட்டும் காகமோ?"

"உனக்கு லேசா இருக்கட்டும் எண்டுதான்."

யது வாளியை எடுத்தாள். "சரி, பாப்பம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணி அள்ளப் போனாள்.

வெள்ளி வந்தது. நல்லதம்பியர் பேத்தியோடு கமெராவுக்கு முன்னால் குந்தியிருந்தார், முகம் பாதிதான் தெரிந்தது. அனோஜா தேவாரம் பாடினாள், தனியாகத்தான். பிறகு கேள்வியைப் போட்டாள். ஒரு நிமிசம் ஒன்றுமில்லை.

"ரீச்சர், எங்கட அப்பப்பாவுக்கு." சிவா ஹாட்வெயார்தான். சிவகரன் என்று ஆறாம் வகுப்புப் பொடியன். "அப்பா பிடிக்கிறவர். பூசணிக்காய், வாழைக்காய், பயித்தங்காய், பேந்து அந்தக் காத்தோட்டிக்காய். போனமுறை அது கைக்குதெண்டு நான் துப்பிப்போட்டன். அப்பா குட்டினவர்."

நல்லதம்பியர் சிரித்தார். அது கேட்டு இன்னொரு பெட்டி திறந்தது. அம்மாவின் அப்பாவுக்கு, வடையும் பாயாசமும், ஆனால் காகம் வராமல் எல்லாரும் பசியோடு கத்திக்கொண்டு நின்றார்களாம். இன்னொன்று திறந்தது. குட்டிம்மா கமெராவையே போட்டுவிட்டாள். ஐயோ, எத்தனை மாசத்துக்குப் பிறகு பிள்ளைகளுடைய முகம்! தலை வாராத கோலமும் பல்லு விழுந்த வாயுமாக ஒவ்வொன்றும் வளர்ந்துபோய் இருந்தன. இதற்காக அவள் எவ்வளவு மாரடித்திருப்பாள்! தலையிடி எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நல்லம், நல்லம். இப்ப யதுர்ஷிகா சொல்லுங்கோ பாப்பம். காகத்துக்கு ஏன் நாங்கள் முதல்ல சோறு வைக்கிறம்?"

சத்தமில்லை. சுவருக்கு அங்காலே கதிரை அரைபடுகிற ஓசை மட்டும். அவள் சிரித்த முகத்தை மாற்றாமல் இன்னொருதரம் கேட்டாள். நல்லதம்பியர் நெற்றியைச் சுருக்கினார். சரி, வேறொரு பிள்ளையைக் கூப்பிடுவம் என்று அவள் வாயெடுக்கும்போது மைக் திறந்தது.

"ரீச்சர்."

குரல் இரண்டு தரம் வந்தது. முதலில் சுவருக்கு மேலால், பிறகு போனுக்குள்ளால்.

"எல்லாரிட்டையும் கேட்ட கேள்வியை என்னட்டையும் கேளுங்கோ ரீச்சர்."

பிள்ளை காத்துக்கொண்டிருக்கவில்லை.

"எங்கட வீட்டில விரதம் இல்லை ரீச்சர். அண்டைக்கு ஊர் முழுக்க மரக்கறி. எங்கட அம்மா மட்டும் விடியவே போய் மீன் வாங்கிக்கொண்டு வந்து காய்ச்சுவா. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும். எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லை எண்டு காட்ட." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நான் கேக்கிறது என்னெண்டா ரீச்சர், அப்பா இருக்கிறாரோ இல்லையோ தெரியாத ஆக்கள் அமாவாசைக்கு மரக்கறியோ, மீனோ? எது சரி?"

அது உண்மை. ஏனென்று ஒருத்தருக்கும் விளங்காதென்று அவள் நினைத்திருந்த உண்மை. சாதாரண வெள்ளிக்கு மச்சம் தொடாதவள், அமாவாசைக்கு மட்டும் பிடிவாதமாக மீன் காய்ச்சுவாள், மணம் அயலுக்குப் போகட்டும் என்று யன்னலையும் திறந்துவிடுவாள். கடவுள் கேட்டால் கேட்கட்டும், என்ர மனிசன் உயிரோட இருக்கிறார் என்று சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. பிள்ளை ஒன்றும் சொல்லாமல் தின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் விளங்காது என்றுதான் அவள் நினைத்தாள்.

அவளுடைய விரல் தன்பாட்டில் போய் அந்தப் பெட்டியை அமத்தியது. மகளுடைய மைக்கை மூடிவிட்டாள். ஒரு வருசத்துக்கு மேலாகத் திற திற என்று கெஞ்சினவள், திறந்த உடனே தன் கையால் மூடினாள்.

"அது… அது பிள்ளையள், நாங்கள் பேந்து கதைப்பம். காத்தோட்டிக்காய் எண்டது…"

"ரீச்சர்!" லக்சிகாதான். அதுவரை முறுக்குத் தின்றுகொண்டிருந்த பிள்ளை. "எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான் ரீச்சர். காணாமல்போன மாமாவுக்குப் படையல் இலை போடவேணும் எண்டு அம்மம்மா சொல்லுவா. போடப்படாது எண்டு இந்த அம்மப்பா கத்துவார். ஒவ்வொரு வருசமும் சண்டை. சோறு ஆறிப்போயிடும்."

"எடி, வாயை மூடு!" என்று நல்லதம்பியர் அதட்டினார். அதட்டினவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைப்பது எல்லாருக்கும் தெரிந்தது.

பிறகு பெட்டிகள் எல்லாம் திறந்தன. ஒன்றா இரண்டா! எங்கட பெரியப்பா ரீச்சர். எங்கட அண்ணா ரீச்சர், படத்துக்கு மாலை போடுறேல்லை, விளக்கு மட்டும். ரீச்சர், அப்ப நாங்கள் எது செய்யவேணும்? ஒரே நேரத்தில் எல்லாரும் கதைத்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு, கேள்விமேல் கேள்வி. முதல் நாள் தேவாரம்போலவே காதைப் பிய்த்தது. எந்த வகுப்பிலும் இப்படிப் பிள்ளைகள் கதைத்ததில்லை. அனோஜா அதைப் பார்த்துக்கொண்டே வகுப்பை முடிக்கிற பொத்தானை அமத்தினாள்.

போன் கறுத்தது. யன்னலுக்கு வெளியே ஒரு கோழி கேறியது. அவள் எழும்பிக் குசினிக்குப் போனாள். போகும்போது வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"என்னடி செய்துவைச்சிருக்கிறாய்? ஊர் முழுக்க நாறப்பண்ணிப்போட்டாய்! இனி நான் எந்த மூஞ்சையோட அந்தக் கோயிலுக்குப் போவன்?"

யது எழும்பவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "நீங்கள்தானே கதைக்கச் சொன்னியள்."

"அதுக்கு இதையோ? வேற ஒரு கதையும் உன்னட்ட இல்லையோ?"

"இல்லையம்மா." பிள்ளையின் குரலில் கோபம் இருக்கவில்லை, களைப்புத்தான் இருந்தது, பெரிய மனிசருடைய களைப்பு. "இவ்வளவு நாளும் நான் வாயைத் திறந்திருந்தா இதுதான் வந்திருக்கும். அதுதான் திறக்கேல்லை. நீங்கள் பாவமெண்டு."

அனோஜா அடுப்படியில் கிடந்த பலகையில் இருந்துவிட்டாள். கூச்சமாம்! கூச்சமென்று சொன்னதை நம்பி, கொழுக்கட்டை என்று ஏசி, ஒவ்வொரு வெள்ளியும் பேர் சொல்லிக் கூப்பிட்டு… பிள்ளை சுவருக்கு அங்காலே இருந்துகொண்டு, வாயை இறுக்கி மூடி, தாயைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. தான்தான் பிள்ளையைக் காப்பாற்றுவதாக அவள் இத்தனை வருசமும் நினைத்திருந்தாள்.

அழுகை வந்தது. அழுதாள். யது தண்ணி வார்த்துக் கொடுத்தாள். கூடத்தில் போன் அடித்தது, நல்லதம்பியராகத்தான் இருக்கும். இரண்டு பேரும் எழும்பவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

"இப்ப கேள்" என்றாள் அனோஜா. "ரீச்சரிட்டக் கேக்காதை. என்னட்டக் கேள்."

யது தண்ணிச் செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள். "அம்மா, அப்பா இருக்கிறாரோ?"

வருவார் என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அனோஜா அதை விழுங்கினாள்.

"தெரியாது பிள்ளை. எனக்குத் தெரியாது."

அந்தச் சொல்லை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொன்னதில்லை. சொன்னபிறகு தகரக் கூரை இடிந்து தலையில் விழவுமில்லை. பிள்ளை தாயின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் பாரம் அவ்வளவு இருக்கும் என்று அவள் மறந்துபோயிருந்தாள்.

வெயில் சாய்ந்து குசினி மங்கியது. இனி அடுப்பு மூட்டவேண்டும், இரவுக்குப் புட்டு அவிக்கவேண்டும். அனோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பப் பார்த்தாள்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை?" என்று யது கேட்டாள். "என்ன காய்ச்சிறது?"

அனோஜா யோசித்தாள். மீன் இனிச் சட்டியில் ஏறாது, அது தெரிந்தது. மரக்கறி நறுக்கக் கத்தியைத் தூக்குகிற பலமும் கையில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கறி இருந்தால் எவ்வளவு நல்லது. அப்படி ஒரு கறியை ஒருத்தரும் சொல்லித்தரவில்லை.

"பேக்கரியில பாண் வாங்குவமே அம்மா?" என்றாள் பிள்ளை. "பாணும் வாழைப்பழமும். பாண் தின்னுறதுக்கு ஆரும் ஒண்டும் சொல்லேலாது."

"ஓம்" என்றாள் அனோஜா. "பாண் வாங்குவம்."